கொழுந்து பறித்தவர், கட்டுரை எழுதியவர்: திம்புள்ளத் தேயிலையும் ஆய்விதழ் வெளியீடும்

ரொனால்ட் ஃபிஷர் 'ஆய்வாளருக்கான புள்ளியியல் முறைகள்' என்ற தமது நூலின் நான்காம் பதிப்பை 1932இல் வெளியிட்டபோது, உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்ற புதிய முறையொன்றை அதிற் சேர்த்தார். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட தரவுகளில் ஒன்று இலங்கைத் தேயிலையிலிருந்து வந்தது. பரிசோதனைக்கென ஒதுக்கிய பதினாறு துண்டுத் தேயிலை, ஒவ்வொரு துண்டிலும் பதினான்கு மாதம் கிடைத்த விளைச்சல், அதற்கடுத்த பதினான்கு மாத விளைச்சல். தரவைத் தந்தவர் தோமஸ் ஈடன். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் நிலையத்தில் ஃபிஷரோடு சேர்ந்து 1927இலும் 1929இலும் வயற் பரிசோதனை பற்றிக் கட்டுரை எழுதியவர் அவர். பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேளாண் இரசாயனவியலாளராகப் பணியாற்றினார். 1925இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் திம்புள்ளப் பகுதியில், தலவாக்கலைக்கு அருகே சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. இன்றும் அங்கேதான் இயங்குகிறது.

அந்த எண்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சராசரி விளைச்சலை நூறாகக் கொண்டால், முதற் பருவத்தில் மிக உயர்ந்த துண்டு 118, மிகத் தாழ்ந்தவை 88. அடுத்த பதினான்கு மாதத்தில் 118 எடுத்த துண்டு 121 எடுத்தது. 88 எடுத்த மூன்று துண்டுகளில் ஒன்று 81க்கு இறங்கியது. மற்ற இரண்டும் 90, 92 என்ற அளவைத் தாண்டவில்லை. பதினாறு சோடி எண்களையும் வைத்துக் கணக்கிட்டால் இணைபுக் குணகம் 0.91 வருகிறது. அதாவது இரண்டாம் பருவத்தில் துண்டுக்குத் துண்டு தெரிந்த வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முதற் பருவத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருந்தது. நெல்லையோ கோதுமையையோ போல ஆண்டுதோறும் புதிதாக விதைக்கும் பயிரல்ல தேயிலை. அதே செடி, அதே சரிவு, அதே மண். உயர்ந்த துண்டுக்கு உரத்தைப் போட்டுவிட்டு விளைச்சலை உரத்தின் கணக்கில் எழுதினால் ஆய்வாளர் ஏமாந்துபோவார். முன்னைய விளைச்சலை அளந்து வைத்துக்கொண்டு, பின்னைய விளைச்சலை அதைக்கொண்டு திருத்து என்பதே அந்த முறையின் சாரம்.

இதை ஒரு புள்ளியியற் செய்தியாகப் படித்துவிட்டுப் போகலாம். அது போதாது என்று நான் கருதுகிறேன். ஓர் ஆய்வு எப்படிக் கட்டுரையாகிறது, கட்டுரை எங்கே வெளியாகிறது, வெளியானது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்ற மூன்று கேள்விகளையும் மலையகத்தில் நின்று கேட்பவருக்கு அந்த 0.91 ஒரு நல்ல தொடக்கம். திம்புள்ளத் தேயிலைச் செடி ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக உலக ஆய்விதழ்களில் இடம்பெற்று வருகிறது. அந்தச் செடியோடு வாழ்ந்தவர்கள் அங்கே ஆசிரியராகவும் இடம்பெறவில்லை, வாசகராகவும் கருதப்படவில்லை. தமது உழைப்பிலும் பேச்சிலுமிருந்து உருவான ஆய்வை அவர்கள் படித்து மறுக்கக்கூடிய மொழியில் தராதவரை, அந்த ஆய்வின் வெளியீடு பாதியில் நிற்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

எண்ணுக்குப் பின்னால் இருந்த கை

அளவையில் பிழை கூடினால் இணைபு குறையும் என்பது புள்ளியியலின் பாலபாடம். இரு பருவ விளைச்சலுக்குமிடையே 0.91 வந்திருக்கிறதென்றால், செடிகள் தம் இயல்பைக் காத்தன என்பது மட்டுமல்ல, அளந்தவர்களும் ஒரே சீராக அளந்தார்கள் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இங்கே அளப்பது தராசோடு முடியும் வேலையன்று. கொழுந்தை எப்படிப் பறிப்பது என்பதே அளவையின் முதற் பாதி. ஒரு சுற்றில் இரண்டு இலையும் மொட்டுமாக எடுத்து, மறு சுற்றில் முற்றிய இலையையும் சேர்த்து இழுத்தால் நிறை கூடிவிடும். செடியின் மேற்றட்டும் கெட்டு, அடுத்தடுத்த சுற்றுகளில் விளைச்சல் குறையும். துண்டின் எல்லைச் செடிவரை எடுத்து, அடுத்த துண்டின் கொழுந்தோடு கலக்காமல் கூடையைத் தனியே கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மழை நாளிலும் பனி நாளிலும் இதில் மாற்றம் இருக்கக் கூடாது.

எத்தனை தடவை? வாரம் ஒரு சுற்று என்று கொண்டாலும் பத்து நாளைக்கு ஒரு சுற்று என்று கொண்டாலும், பதினாறு துண்டுக்குப் பதினான்கு மாதத்தில் அறுநூறுக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்ட தனித்தனி நிறுவைகள் விழும். இரு பருவத்துக்கும் அதன் இருமடங்கு. அத்தனையும் ஒழுங்காக நடந்திராவிட்டால் உடன்மாறுபாட்டுக்கு எடுத்துக்காட்டாகும் தகுதி அந்தத் தரவுக்கு வந்திராது. 1930களில் இலங்கைத் தேயிலை மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் யார் என்பதற்கு ஆவணம் தேட வேண்டியதில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள், அவர்களுடைய மகள்கள். ஃபிஷரின் நூலில் அத்தரவோடு ஈடனின் பெயர் மட்டும் இருக்கிறது.

ஈடனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அக்கால வழக்கம் அது. அவருடைய உழைப்பு சிறியதும் அல்ல. கேள்வி இன்றைய வழக்கத்தைப் பற்றியது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஒருவரைக் கட்டுரையாசிரியர் என்று ஏற்பதற்கு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். கட்டுரைக்குப் பொறுப்புச் சொல்ல இயலாதவரை ஆசிரியராகப் போடக் கூடாது என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மரியாதைக்காகப் பெயர் சேர்ப்பது நம் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே நோயாகிவிட்டது. அதை மேலிருந்து கீழாகத் திருப்பிவிடுவது நியாயமாகாது. ஆனால் அந்த நிபந்தனையின் மறுபக்கத்தை நாம் நிறைவேற்றுவதில்லை. ஆசிரியராகாத பங்களிப்பாளரை நன்றியுரையில் இன்ன வேலைக்கு என்று குறித்துச் சொல்ல வேண்டும் என்பது அதே வழிகாட்டியின் எதிர்பார்ப்பு. மலையகம் பற்றிய கட்டுரைகளில் நான் காண்பது பெரும்பாலும் 'தோட்ட முகாமையாளருக்கும் தொழிலாளருக்கும் நன்றி' என்ற ஒற்றை வரிதான். எந்த மலையில், எந்த வேலை, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்பது அதில் இராது. சம்மதம் கிடைத்த இடத்தில் பெயரையும், கிடைக்காத இடத்தில் வேலையையும் எண்ணிக்கையையும் எழுதுவதற்கு இரண்டு வாக்கியம் போதும். அந்த இரண்டு வாக்கியமும் முறையியலின் பகுதி. பறிப்பின் சீர்மையைத் தெரிவிக்காத விளைச்சல் எண், தராசின் நுட்பத்தைத் தெரிவிக்காத எண்ணைப் போலக் குறையுடையது.

அச்சேறியதால் நிலைத்தது

ஆய்விதழில் வெளியிடுவதே வீண், மக்களுக்கு எழுதினால் போதும் என்ற குரலும் மலையகத்தில் உண்டு. அதை நான் மறுக்கிறேன். காரணம் இதே திம்புள்ளயில் இருக்கிறது.

தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறு வண்டொன்று இலங்கைத் தோட்டங்களின் பழைய பகை. அது துளைக்குள் ஒரு பூஞ்சையை வளர்த்து அதையே உண்கிறது. ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சி. எச். காட், சி. ஏ. லூஸ் இருவரும் அந்தப் பூஞ்சையைப் பிரித்தெடுத்து, விவரித்து, பெயரிட்டு, 1947இல் பிரித்தானியப் பூஞ்சையியற் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். தேயிலைக்கு வெளியே அந்தக் கட்டுரைக்கு அப்போது பெரிய தேவை இல்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இஸ்ரேலிலும் கலிபோர்னியாவிலும் வெண்ணெய்ப்பழத் தோட்டங்கள் இதே இனக் கூட்டத்தைச் சேர்ந்த வண்டால் பட்டுப்போகத் தொடங்கின. அங்கே பிடிபட்ட பூஞ்சை புதியதா பழையதா என்று தீர்மானிக்க ஆய்வாளர்கள் தேடிப்போன ஒப்பீட்டுப் புள்ளிகளில் ஒன்று இலங்கைத் தேயிலையில் விவரிக்கப்பட்ட பூஞ்சை. புதியது என்று முடிவாகி, 2013இல் அதற்கு வேறு பெயர் இடப்பட்டது. காட்டும் லூஸும் தம் குறிப்பை நிறுவன அலுமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு இடமே இருந்திராது.

ஆய்விதழ் செய்யும் வேலை இதுதான். தொகுதி, இதழ், பக்கம் என்று முகவரி கொடுத்து, முறையை மறைக்காமல் எழுதவைத்து, எழுதியவர் மறைந்த பின்னும் அந்நியர் ஒருவர் தேடி எடுத்துச் சோதிக்கும்படி ஒன்றை வைக்கிறது. துண்டுப்பிரசுரமோ கருத்தரங்க உரையோ இதைச் செய்வதில்லை. மலையகத்தின் வரலாறும் கூலியும் மொழியும் பற்றிய ஆய்வுக்கும் அந்த முகவரி வேண்டும். கிடைக்காமற் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாரல்நாடனின் பணி சான்று. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வாழ்க்கையையும் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் ஆராய்ந்தவர் அவர். பல்கலைக்கழகப் பதவி இல்லை, சக மதிப்பீடு இல்லை, ஆராய்ச்சி நிதி இல்லை. அவருடைய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலைத் தவிர்த்துவிட்டு ஹற்றனின் தொழிற்சங்க வரலாற்றை எழுத முடியாது. ஆனாலும் மேற்கோள்களை எண்ணும் சர்வதேசச் சுட்டிகள் தமிழில் வந்த இத்தகைய நூல்களைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. அவற்றை மட்டும் நம்பித் தேடுபவருக்கு அவர் இல்லாதவராகிவிடுகிறார்.

உத்தரவாக இறங்கும் அறிவு

தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1928இல் ஒரு காலாண்டிதழைத் தொடங்கியது. 1980களில் அது இலங்கைத் தேயிலை அறிவியல் இதழாயிற்று. தொடக்க காலத்தில் அதன் வாசகர் ஆங்கிலம் படித்த துரைமாரும் விஞ்ஞானிகளும். அதில் வெளியானது மலைக்கு இறங்கியபோது வேறு வடிவம் எடுத்தது: கவ்வாத்து இந்த உயரத்தில், சுற்று இத்தனை நாளில், மருந்து இந்த அளவில். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவருக்கு அறிவியல் வந்துசேர்ந்தது உத்தரவாக.

கட்டுரைக்கும் உத்தரவுக்கும் உள்ள வேறுபாடு சந்தேகம். ஈடன் 1931இல் கேம்பிரிட்ஜின் வேளாண் அறிவியல் இதழில் வெளியிட்ட கட்டுரை தேயிலைப் பரிசோதனையில் நேரும் பிழைகளைப் பற்றியது. ஒரே மாதிரிப் பராமரித்த இரு துண்டுகள் ஏன் ஒரே மாதிரி விளைவதில்லை, அந்த வேறுபாட்டை எவ்வளவு என்று மதிப்பது என்ற விசாரணை அது. அந்தச் சந்தேகம் முழுவதும் மேலேயே தங்கிவிட்டது. கீழே வந்தது சந்தேகம் நீக்கப்பட்ட ஓர் எண்: ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, இத்தனை கிலோ.

இன்றைய தகராறோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சம்பள நிர்ணயச் சபை 2021இல் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கிய பிறகு, கிலோக் கணக்கும் அரைப்பேரும் பல தோட்டங்களில் பெரும் பிரச்சினையாயின. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி. கிலோ ஏன் வரவில்லை என்பதற்குத் தொழிலாளி சொல்லும் காரணம் மலை: செடி கிழம், இடையிடையே செத்துப்போன வெற்றிடம், உரம் போடவில்லை, வெயில் காலம். அந்தக் காரணத்தைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஈடனின் எண்களோ, எந்த வேறுபாடான பராமரிப்பும் இல்லாமலே ஒரு துண்டு 118ம் இன்னொன்று 88ம் தரும் என்றும், அந்த வேறுபாடு அடுத்த பருவத்திலும் தொடரும் என்றும் காட்டுகின்றன. முன்னைய விளைச்சலைக் கொண்டு பின்னையதைத் திருத்தும் முறையை விஞ்ஞானி தமது உரத்துக்குப் பயன்படுத்தினார். அதே முறையைக் கூலிக் கணக்குக்குப் பயன்படுத்தத் தடையாக இருப்பது கணிதமன்று. அந்தந்த மலையின் கடந்தகாலக் கொழுந்துக் கணக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது.

இங்கே மிகைப்படுத்தக் கூடாது. பதினான்கு மாத விளைச்சலின் வேறுபாடும் ஒரு நாளில் ஒருவர் எடுக்கும் நிறையின் வேறுபாடும் ஒன்றல்ல. தொழிலாளர் மலை மாறி மாறி எடுப்பதால் நல்ல மலையும் மோசமான மலையும் ஓரளவு சமன்படும். கிலோ அளவைக் காலத்துக்கேற்ப மாற்றும் தோட்டங்களும் உண்டு. ஆயினும் அரைப்பேர் விழுவது நாட்கணக்கில். இன்று இழந்த அரைப்பேரை அடுத்த வாரத்து நல்ல மலை திருப்பித் தருவதில்லை. இப்படி வாதிடவும் இதற்கு எதிராக வாதிடவும் தேவையான சான்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. தொழிற்சங்கத் தலைவரும் கணக்கப்பிள்ளையும் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையும் அதைப் படிக்கும் நிலை மட்டும் வரவில்லை.

இன்றைய ஆய்வாளரின் பாதை

இப்போது ஆய்வு செய்பவர் வெளியிலிருந்து வரும் துரையல்லர். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்தவராக, பெரும்பாலும் ஆசிரியராக இருப்பவர். மலையகம் பற்றி இதுவரை வந்த முக்கிய ஆங்கில நூல்களின் வரிசை அவர் மேசையில் இருக்கும்: ஒட்வர் ஹொலப், வலன்டைன் டானியல், அஞ்செலா லிட்டில், பற்றிக் பீபிள்ஸ், 2019இல் வந்த மைத்திரி ஜெகதீசனின் நூல். அவற்றோடு உரையாட வேண்டுமானால் ஆங்கிலத்தில், சுட்டியிடப்பட்ட இதழில் எழுத வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்வார். பதவி உயர்வுப் புள்ளிகளும் அதையே சொல்லும். சொல்வது தவறல்ல. ஆனால் அந்த வழியில் மூன்று இடங்களில் ஆய்வு உருக்குலைகிறது.

முதலாவது வாசல். லயத்துக்குள் போய் நேர்காண வேண்டுமானால் நடைமுறையில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நிர்வாகம் அனுப்பிவைத்த ஒருவர் நீட்டும் சம்மதப் படிவத்தில் ஒரு தொழிலாளி சுயேச்சையாகக் கையெழுத்திட்டார் என்று எப்படிச் சொல்வது? ஒழுக்கவியற் குழுவின் படிவத்தில் இதற்குக் கட்டம் இராது. கட்டுரையின் முறையியற் பகுதியில் இருக்கத்தான் வேண்டும். அனுமதி யாரிடம், எப்படிக் கிடைத்தது, யாருடைய முன்னிலையில் பேச்சு நடந்தது என்று எழுதாத மலையகக் கட்டுரையை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இரண்டாவது, பொதுக் கேள்வி. 'உள்ளூர் அக்கறை மட்டுமே கொண்டது' என்று மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் கட்டுரையைத் திருப்பும் பதிப்பாசிரியர் நம் இளம் ஆய்வாளர்களைச் சோரவைக்கிறார். இதில் பாதிப் பொறுப்பு எழுதுபவருடையது. 'திம்புள்ளப் பெண் தொழிலாளரின் பிரச்சினைகள்: ஓர் ஆய்வு' என்று தலைப்பிட்டால் உலகில் வேறெங்கும் இருப்பவர் அதை ஏன் திறக்க வேண்டும்? ஈடன் இலங்கைத் தேயிலையைப் பற்றி எழுதியதோடு நிற்கவில்லை. பல்லாண்டுப் பயிரில் பிழையை எப்படி மதிப்பது என்ற எல்லாருக்கும் உரிய கேள்விக்குத் தேயிலையைச் சான்றாக்கினார். முதற் பத்தியிலேயே அந்தக் கேள்வி வந்துவிட வேண்டும். அதே வேளையில், கட்டுரையை உலகமயமாக்குகிறேன் என்று திம்புள்ளயைப் 'பின்காலனியத் தோட்டமொன்று' என்று கரைத்துவிடுவதையும் நான் எதிர்க்கிறேன். பத்தனைக்கும் அக்கரப்பத்தனைக்கும் இடையே கூலி, பாடசாலை, பஸ் வசதி எல்லாம் வேறு. அந்த வேறுபாடுதான் ஆய்வாளரின் மூலதனம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நேர்காணல் மலையகத் தமிழில் நடக்கிறது. கட்டுரையில் அது ஆங்கிலமாக அச்சாகிறது. பேசியவரின் தயக்கம், கோபம், பாதியில் நிறுத்திய வாக்கியம் எல்லாம் திருத்தமான ஆங்கிலத்தில் மறைகின்றன. எண் தரவாக இருந்தால் மூலத் தரவைக் களஞ்சியத்தில் வை என்று இதழ்கள் கேட்கின்றன. பேச்சுத் தரவுக்கு அதே அளவுகோலை வைத்தால், மூலத் தமிழ் வாக்கியம் பின்னிணைப்பிலோ களஞ்சியத்திலோ இருந்தாக வேண்டும். அது இல்லாதபோது மொழிபெயர்ப்புச் சரியா என்று எவராலும் சோதிக்க முடியாது. பேசியவரால் அறவே முடியாது. சரிபார்க்க முடியாத சான்றின் மேல் கட்டிய கட்டுரையை, அது எந்த உயர்ந்த இதழில் வந்திருந்தாலும், முழுமையான ஆய்வென்று கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் ஏற்புக் கடிதம் தரும் போலி இதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் 2008இல் தொடங்கிய 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் இருக்கும் இதழ்களையாவது முதலில் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்க வேண்டும்.

தமிழ் வடிவத்துக்கு எதிரான மூன்று மறுப்புகள்

ஆங்கிலக் கட்டுரையோடு முழுமையான தமிழ் வடிவமும் வெளிவர வேண்டும் என்றால் உடனே எழும் மறுப்பு, அது இரட்டை வெளியீடு என்பது. ஒரே ஆய்வை இரு இடங்களில் புதியதென்று காட்டுவது குற்றந்தான். ஆனால் மருத்துவ இதழாசிரியர் குழுவின் வழிகாட்டியே வேறு மொழியிலான இரண்டாம் வெளியீட்டை அனுமதிக்கிறது: இரு பதிப்பாசிரியர்களின் ஒப்புதல் வேண்டும், முதல் வெளியீட்டின் முன்னுரிமை காக்கப்பட வேண்டும், வேறொரு வாசகர் கூட்டத்துக்கு உரியதாக இருக்க வேண்டும், முதல் வெளியீடு எது என்ற குறிப்பு இருக்க வேண்டும். மலையகக் கட்டுரை இந்த நிபந்தனைகளை நிறைவேற்றுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. புலமைத் தொடர்பில் பன்மொழியைப் பேணுவது பற்றிய ஹெல்சிங்கி முன்னெடுப்பு 2019இல் வந்தபின், இது தனிமனித விருப்பம் என்ற நிலையும் மாறிவிட்டது.

இரண்டாவது மறுப்பு, தமிழில் மதிப்பீட்டாளர் கிடைப்பதில்லை என்பது. மண்ணியலிலும் பூச்சியியலிலும் இது உண்மை. ஆனால் தமிழ் வடிவத்துக்கு ஆய்வு மதிப்பீடு மறுபடி தேவையில்லை. ஆங்கில மூலம் ஏற்கெனவே மதிப்பிடப்பட்டது. தேவைப்படுவது தமிழ் அதற்கு உண்மையாக இருக்கிறதா, படிக்க முடிகிறதா என்ற பார்வை. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் கற்பிக்கப் பயிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்தப் பணிக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்களை நான் அறியேன். அவர்களுடைய பெயர் கட்டுரையில் மொழி மதிப்பீட்டாளர் என்று அச்சாக வேண்டும்.

மூன்றாவது மறுப்பு கடுமையானது: தமிழ் ஆய்விதழ்களின் தரம். இதை நாம் பூசி மெழுகக் கூடாது. கருத்தரங்குக்கு வந்த கட்டுரைகளை அப்படியே கட்டித் தொகுதியாக்கி, பன்னாட்டுத் தர எண் வாங்கி, ஆய்விதழ் என்று பெயரிடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பரவியிருக்கிறது. அதற்கு நேரெதிரான மரபும் நமக்கு இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் 'சிந்தனை' தமிழிலேயே கனமான ஆய்வை வெளியிட முடியும் என்று காட்டிய இதழ். தனிநாயகம் அடிகள் 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' தமிழியலை ஆங்கிலத்தில் உலகின் முன் வைத்தது. அன்று அந்தத் திசையில் போக வேண்டியிருந்தது, போனார்கள், பயன் விளைந்தது. இன்று அதே உழைப்பை எதிர்த்திசையிலும் கேட்கிறேன். தரம் உயர்வதற்குத் தரமான கட்டுரைகள் வர வேண்டும். சிறந்ததை ஆங்கிலத்துக்கும் எஞ்சியதைத் தமிழுக்கும் கொடுத்துவிட்டுத் தமிழ் இதழ்களில் தரம் இல்லை என்பது நியாயமில்லை. பல்கலைக்கழகங்களின் பதவி உயர்வுத் திட்டம், மூலக் கட்டுரைக்குத் தரும் புள்ளியில் ஒரு பங்கையேனும் மதிப்பிடப்பட்ட தமிழ் அல்லது சிங்கள வடிவத்துக்குத் தந்தால் அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை மாறும். இதழின் பெயரை வைத்து ஆய்வை எடைபோடாதீர் என்ற 2012ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ பிரகடனத்தின் கருத்தும் இதற்குத் துணை நிற்கிறது.

தமிழ் வடிவம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. இதழின் தளத்தில் மட்டும் இருந்தால் போதாது. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிமக் களஞ்சியத்தில் ஒரு பிரதி, ஆய்வு நடந்த தோட்டத்துக்கு அருகிலுள்ள பாடசாலை நூலகத்தில் அச்சிட்ட ஒரு பிரதி. நேர்காணல் ஒலிப்பதிவும் மூலத் தமிழ் எழுத்துரையும் தனியே, காலக்கெடுவோடு பூட்டி வைக்கப்பட வேண்டியவை. கூலியைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் பேசிய ஒருவர் அதே தோட்டத்தில் இன்னும் வேலை செய்யக்கூடும். லயத்தின் இலக்கத்தையும் மலையின் பெயரையும் நீக்கினாலும், முந்நூறு பேர் உள்ள ஒரு டிவிசனில் யார் பேசியது என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. ஆகவே அந்தப் பூட்டைத் திறக்கும் அனுமதியைத் தோட்ட நிர்வாகமோ ஆய்வாளரோ பல்கலைக்கழகமோ தனியே வழங்கக் கூடாது. பேசியவரிடம், அவர் இல்லாதபோது அவர் முன்கூட்டியே குறித்த வாரிசிடம் கேட்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சம்மதப் படிவத்திலேயே தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவது நேர்காணலுக்கு முன் செய்ய வேண்டிய வேலை.